எந்த ஊர் என்னும் கேள்வியும் எந்த மரபணு என்னும் கேள்வியும்

பிடோக் படகுத்துறையின் முனையில் மாலை வேளையில் நிற்போர், நங்கூரமிட்ட கப்பல்கள் அடிவானம் வரை நிரை நிரையாக நிற்பதைக் காண்பர். அக்கடற்பரப்பின் தென்மேற்கே, சிங்கப்பூரின் தெற்குக் கரைக்கு அப்பால், செயின்ட் ஜான்ஸ் தீவு உள்ளது. நம் முன்னோருள் பலர் சிராங்கூன் சாலையை மிதிப்பதற்கு முன்னர் மிதித்த மண் அது. மறுபுறம், பிடோக்கிலிருந்து கிழக்கே சிறிது தொலைவில், 1997ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாங்கி பொது மருத்துவமனை உள்ளது. இவ்வட்டாரத்து மக்கள் பெரும்பாலும் நாடிச் செல்லும் பெரிய மருத்துவமனை அதுவே.

தீவையும் மருத்துவமனையையும் ஒரே உரையில் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நோயின் அறிகுறி ஏதுமின்றி நம் முன் நிற்கும் ஒருவர், பிறருக்குத் தீங்கு செய்யவல்ல கிருமியைத் தம் குடலில் சுமந்துகொண்டிருக்கிறாரா? இக்கேள்வியை அன்று தீவு கேட்டது. இன்று மருத்துவமனை கேட்கிறது. கேள்வி ஒன்றேயாயினும் அதற்கு விடை காணும் முறை மாறிவிட்டது. அன்று பயணியின் ஊரைக் கேட்டனர். இன்று கிருமியின் மரபணுவைக் கேட்கின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் நாம் பெற்றது யாது, இன்னும் பெறாதது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

தீவு கேட்ட கேள்வி

1873ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியது. அடுத்த ஆண்டில் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் அமைக்கப்பட்டது. வாந்திபேதியை உண்டாக்கும் கிருமி குடலில் வாழ்வது என்பது அக்காலத்தில் உறுதிப்படவில்லை. ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1883ஆம் ஆண்டில் எகிப்திலும், 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் ஆய்ந்த பின்னரே அக்கிருமி உலகறிந்ததாயிற்று. கிருமியைக் காணும் வழி இல்லாதபோது அதிகாரிகள் காணக்கூடியதைக் கண்டனர். கப்பல் எந்தத் துறையிலிருந்து வந்தது, அத்துறையில் நோய் உள்ளதா, பயணி எந்த வகுப்பில் வந்தார் என்பனவே அவர்களுக்குச் சான்றுகளாயின.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பெரும்பாலோர் தளப் பயணிகள். பல தலைமுறையினர் நினைவில் நிற்கும் ரஜுலா கப்பலிலும் அவ்வாறே வந்தனர். தீவில் இறக்கப்பட்டு, உடலும் உடைமையும் சோதிக்கப்பட்டு, நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் பொதுவாக அவர்களே. அறை எடுத்துப் பயணம் செய்தோர்க்கு அத்துணைத் தடை இருந்ததில்லை. கிருமிக்கு வகுப்பு வேறுபாடு தெரியாது. ஆனால் கிருமியைத் தேடும் முறைக்குத் தெரிந்திருந்தது.

இதைக் கூறுவது அக்கால அதிகாரிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று. தனிமைப்படுத்துதல் உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. நாம் நினைவிற்கொள்ள வேண்டியது வேறொன்று. ஒருவரைத் தனித்து அறியும் கருவி இல்லாதபோது, அவர் சார்ந்த கூட்டம் முழுவதும் ஐயத்திற்கு உள்ளாகிறது.

தனி ஒருவரை அறிந்த பின்னும் இடர் தீர்வதில்லை. நியூயார்க்கில் சமையல் வேலை செய்த மேரி மேலன் என்னும் பெண் குடற்காய்ச்சல் கிருமியைச் சுமந்தவர். ஆனால் தாம் நோயுறாதவர். 1907ஆம் ஆண்டில் அவர் அடையாளம் காணப்பட்டார். மூன்றாண்டு காலமும், பின்னர் 1915 முதல் 1938இல் இறக்கும் வரையும் அவர் ஒரு தீவிலேயே வைக்கப்பட்டார். நோயாளி என்னும் சொல்லுக்குள் அடங்காத ஒருவரை எவ்வாறு அழைப்பது, எவ்வாறு நடத்துவது என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

மருந்துகளின் வெற்றியும் குடலின் மறுமொழியும்

1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தார். 1945 டிசம்பரில் நோபெல் பரிசேற்புரை ஆற்றியபோதே, மருந்தைப் போதாத அளவில் உட்கொண்டால் கிருமிகள் அதனைத் தாங்கிப் பழகிவிடும் என அவர் எச்சரித்தார். அதன் பின்னர் வந்த ஒவ்வொரு நுண்ணுயிர்க்கொல்லியின் வரலாறும் அவ்வெச்சரிக்கைக்கு எழுதப்பட்ட உரையாகவே அமைந்தது.

நமக்கு அண்மையிலுள்ள ஒரு சான்றைக் காண்போம். 1950களின் தொடக்கத்தில் போர்னியோத் தீவின் காட்டு மண் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து ஒரு மருந்து பிறந்தது. வெல்லுதல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஒட்டி அதற்கு வான்கோமைசின் எனப் பெயரிட்டனர். 1958ஆம் ஆண்டு முதல் அது பயன்பாட்டிற்கு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வென்றும் வந்தது. 1980களின் பிற்பாதியில், குடலில் வாழும் என்டெரோகாக்கஸ் என்னும் கிருமி அதற்கு அடங்காமல் நிற்பதை ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டனர். போர்னியோ மண்ணில் தோன்றிய மருந்தை எதிர்க்கும் கிருமி உலகைச் சுற்றி நம் வாயிலுக்கே வந்தது. 2005 மார்ச் மாதத்தில் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் அது பரவியிருப்பது தெரியவந்தபோது, அதனைச் சுமப்போரைக் கண்டறிய ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சோதிக்க நேர்ந்தது. 2003ஆம் ஆண்டின் சார்ஸ் கிருமித்தொற்று இந்நகரில் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைப் பறித்து ஈராண்டே ஆகியிருந்தது. சார்ஸ் காய்ச்சலுடன் வந்தது; உடல்வெப்பத்தை அளந்து ஐயுறலாம். குடலில் தங்கிய என்டெரோகாக்கஸோ எவ்வித அறிகுறியும் காட்டாது.

இனி நம் பொருளுக்கு மையமான மருந்துக் குடும்பத்திற்கு வருவோம். கார்பபெனெம் என்பது அதன் பெயர். அக்குடும்பத்தின் மூலப்பொருள் 1976ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. முதல் மருந்தாகிய இமிபெனெம் 1985ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. பிற மருந்துகள் தோற்ற பின்னர் மருத்துவர் கையில் எடுக்கும் கடைசிப் படைக்கலங்களுள் ஒன்றாக அது விளங்கியது. ஈகோலை, கிளெப்சியெல்லா முதலிய குடற்கிருமிகள் குருதியில் கலந்து உயிரைப் பறிக்கும் நிலையில் மருத்துவர் நாடுவது அதனையே.

குடற்கிருமிகள் இதற்கும் விடை கண்டன. கார்பபெனெமைச் சிதைக்கும் நொதிகளை உண்டாக்கும் மரபணுக்கள் அவற்றிடம் வந்து சேர்ந்தன. இம்மரபணுக்கள் பெரும்பாலும் கிருமியின் முதன்மை மரபிழையில் இல்லாமல், பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் அமைந்துள்ளன. பிளாஸ்மிட் ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்கு, ஓரினத்திலிருந்து வேறோரினத்திற்கும் தாவவல்லது. ஒரு வீட்டுத் திறவுகோலைப் படியெடுத்து அண்டை வீட்டார்க்கெல்லாம் வழங்குவதைப் போன்றது இது. கோடானுகோடி கிருமிகள் நெருங்கி வாழும் மனிதக் குடலே அத்திறவுகோல் கைமாறும் சந்தை.

சென்னையிலிருந்து வந்த ஆய்வு

2008ஆம் ஆண்டில், இந்தியாவில் மருத்துவம் பெற்றுச் சுவீடன் திரும்பிய இந்திய வமிசாவளியினர் ஒருவரின் சிறுநீரில் கார்பபெனெமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா காணப்பட்டது. அவர் மருத்துவம் பெற்ற நகரைக் கொண்டு, அதன் புதிய நொதிக்கு ‘புதுடில்லி’ என்னும் பெயரை இட்டனர். என்டிஎம்-1 என்பது அதன் சுருக்கம்.

2010 ஆகஸ்ட் மாதத்தில் ‘லான்செட்’ குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை இதனை உலகச் செய்தியாக்கியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்துத் திமோத்தி வால்ஷ் அதில் முதன்மைப் பங்காற்றினார். என்டிஎம்-1 உடைய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என அவ்வாய்வு பட்டியலிட்டது. அறுவை மருத்துவத்திற்காக இந்தியா செல்வது இடர் தரலாம் என்னும் குறிப்பும் அதில் இருந்தது. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்றத்திலும் குரல்கள் ஒலித்தன. மருத்துவப் பயணத் தொழிலைக் கெடுக்கும் சூழ்ச்சி என்றனர் சிலர். 2011 ஜனவரியில் ‘லான்செட்’ ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன், நகரின் பெயரை இட்டது பிழையே எனக் கூறி வருத்தம் தெரிவித்தார்.

இந்நிகழ்வைத் தமிழர் இரு வகையாகவும் நோக்க வேண்டும். பெயரிட்ட முறை ஊர்க்களங்கத்தை உண்டாக்கியது என்பது ஒன்று. பெயரால் எழுந்த சினம், பொருளில் இருந்த உண்மையை மறைக்க முற்பட்டது என்பது மற்றொன்று. வால்ஷ் குழுவினர் புதுடில்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளுள் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51இலும் அம்மரபணு இருந்ததை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருத்துவமனைக் குற்றம் என்று மட்டும் இதனைக் கூறவியலாது. கழிவுநீரும் குடிநீரும் கலக்கும் நகரமைப்பின் குற்றமும் ஆகும்.

சினத்தைச் செயலாக மாற்றிய பெருமையும் சென்னைக்கு உண்டு. 2012 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய மருத்துவச் சங்கங்கள் அங்குக் கூடி, மருந்தெதிர்ப்பை எதிர்கொள்ளும் வழிமுறைகளை வகுத்தன. அது ‘சென்னைப் பிரகடனம்’ என வழங்கப்படுகிறது. 2014 மார்ச் முதல், கார்பபெனெம் உள்ளிட்ட மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுக்கும் கடுமையான விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஒரே நகரம் கிருமியின் பட்டியலிலும் இடம்பெற்றது. தீர்வின் பெயரிலும் இடம்பெற்றது.

பெயர் சுமக்கும் ஊர்கள்

கார்பபெனெமைச் சிதைக்கும் நொதிகளுள் உலகெங்கும் முதன்மையாகத் தேடப்படுவன ஐந்து குடும்பங்கள். அவற்றின் பெயர்களை ஒப்புநோக்குவது மாணவர்க்குப் பயன்தரும். ஐஎம்பி ஜப்பானில் கண்டறியப்பட்டது. மருந்தின் பெயரைப் பெற்றது. கேபிசி அமெரிக்காவின் வட கரோலைனாவில் கண்டறியப்பட்டது. கிருமியின் பெயரைப் பெற்றது. ஆக்சா-48 இஸ்தான்புல் நகரில் கண்டறியப்பட்டது. அதுவும் மருந்தின் பெயரையே பெற்றது. விஐஎம் இத்தாலியின் வெரோனா நகரின் பெயரையும், என்டிஎம் புதுடில்லியின் பெயரையும் தாங்கின.

இதனைக் கொண்டு, ஆசிய நகரங்களை இழிவுபடுத்தவே இவ்வாறு பெயரிட்டனர் எனத் துணிவது பொருந்தாது. வெரோனா ஐரோப்பிய நகரமே. சால்மொனெல்லா கிருமியின் வகைகளுக்குக் கண்டறிந்த ஊரின் பெயரை இடுவது நெடுநாள் வழக்கம். சிங்கப்பூர் என்னும் பெயருடைய வகையும் அவற்றுள் உண்டு. எனினும் வெரோனாவிலிருந்து வந்த பயணியை அப்பெயரால் எவரும் விலக்கியதாக நாம் கேட்டதில்லை. பெயர் ஒரே வகையினதாயினும், ஏற்கெனவே ஐயத்துடன் நோக்கப்படும் மக்கள்மீது விழும்போது அதன் எடை கூடுகிறது. தீவில் காத்திருந்த தளப் பயணியின் வழித்தோன்றல்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. புதிய நோய்களுக்கு ஊர், நாடு, மக்களினம் ஆகியவற்றின் பெயரை இடலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2015 மே மாதத்தில் நெறிமுறை வகுத்தது.

ஒரு மணி நேரத்தில் விடை

இப்போது ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். பிடோக்கில் வாழும் மூதாட்டி ஒருவர் சென்னையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது இடுப்பெலும்பு முறிந்து அங்கு அறுவை மருத்துவம் பெற்றார். திரும்பிய சில வாரங்களில் மூச்சுத்திணறலால் இங்கு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். அயல்நாட்டு மருத்துவமனையில் அண்மையில் தங்கியவரைச் சோதிப்பது பல நாடுகளில் வழக்கம். பஞ்சு சுற்றிய குச்சியால் மலக்குடலிலிருந்து மாதிரி எடுக்கப்படுகிறது.

பழைய முறையில் அம்மாதிரி வளர்ப்புத் தட்டில் தேய்க்கப்படும். கிருமி வளர ஓர் இரவேனும் ஆகும். ஐயத்திற்குரியது வளர்ந்தால் உறுதிசெய்ய மேலும் ஓரிரு நாள் செல்லும். அதுவரை மூதாட்டியை எங்கு வைப்பது? தனியறையில் வைத்தால், கிருமி இல்லாத ஒருவர் வீணே தனிமையுறக்கூடும். அவ்வறை தேவைப்படும் வேறொருவர் காத்திருக்க நேரும். பலர் தங்கும் கூடத்தில் வைத்தால், கழிவறையையும் செவிலியர் கைகளையும் பகிர்ந்துகொள்ளும் பிற நோயாளிகளுக்குக் கிருமி செல்லக்கூடும். இரண்டு அல்லது மூன்று நாள் அறியாமைக்கு ஒருவர் விலை கொடுத்தே ஆகவேண்டியிருந்தது.

விரைவு மூலக்கூற்றுச் சோதனை அவ்வறியாமையின் காலத்தைச் சுருக்குகிறது. அதன் அடிப்படை, கேரி மல்லிஸ் 1983ஆம் ஆண்டில் கருதிக் கண்டு 1993ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற முறை. பிசிஆர் என்னும் பெயரால் கொவிட் காலத்தில் அது வீடுதோறும் அறிமுகமாயிற்று. மாதிரியைச் சூடாக்கியும் குளிரச்செய்தும் மரபணுவின் ஒரு துண்டை மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்குவர். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேற்பட்ட படிகள் உண்டாகக்கூடும். தேடும் துண்டு இருந்தால் ஒளிரும் சாயம் அதனைக் காட்டிக்கொடுக்கும். இல்லாத ஒன்று எத்தனை சுற்றிலும் பெருகாது.

இவ்வேலைகள் அனைத்தையும் கையளவு பேழைக்குள் அடக்கும் கருவிகள் பின்னர் வந்தன. அவற்றுள் ஜீன்எக்ஸ்பர்ட் என்பதன் வரலாறு வியப்பிற்குரியது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அஞ்சல் உறைகளில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பப்பட்டதைத் தொடர்ந்து, அதன் தொழில்நுட்பம் அஞ்சல் நிலையங்களில் கிருமியைக் கண்டறியப் பயன்பட்டது. 2010 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அதனைக் காசநோய்ச் சோதனைக்குப் பரிந்துரைத்தது. பின்னர், மேற்கூறிய ஐந்து மரபணுக் குடும்பங்களையும் மலக்குடல் மாதிரியில் ஒருசேரத் தேடும் பேழையும் உருவாயிற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. காலையில் சேர்ந்த மூதாட்டிக்கு நண்பகலுக்கு முன்னரே உரிய படுக்கையைத் தீர்மானிக்கலாம்.

கிருமியை விடுத்து மரபணுவைத் தேடுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. சிங்கப்பூரின் ஆறு பொது மருத்துவமனைகளில் 2010 முதல் 2015 வரை சேகரித்த கிருமிகளின் முழு மரபுத்தொகுதியை ஆய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. கிருமியின் இனத்தை மட்டும் நோக்கினால் தொடர்பற்றனவாகத் தோன்றிய நோயாளிகளிடையே, பிளாஸ்மிட்டைப் பின்தொடர்ந்தபோது மறைவான பரவல் தென்பட்டது. ஒருவரிடம் ஈகோலை, அடுத்தவரிடம் கிளெப்சியெல்லா. ஆயினும் இருவரிடமும் ஒரே திறவுகோல். இவ்வாய்விலிருந்து நாம் பெறும் வரலாற்றுப் பாடம் எளியது. எந்த நாட்டுக்குச் சென்றீர் என்னும் கேள்வியை மட்டும் நம்பினால், உள்ளூரிலேயே கைமாறும் கிருமி நழுவிவிடும். ஊரைக் கேட்பது மனத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. கிருமியைப் பிடிக்கும் வழியாகவும் அது போதாது.

சோதனை கூறாதவை

கருவியைப் போற்றும்போதே அதன் எல்லையையும் மாணவர் அறிதல் வேண்டும். இச்சோதனை தனக்குக் கற்பிக்கப்பட்ட மரபணுக்களை மட்டுமே தேடும். புதியது ஒன்று தோன்றினால் இல்லை என்றே கூறும். நொதியின்றி வேறு வழியில் மருந்தைத் தடுக்கும் கிருமியும் அதற்குத் தென்படாது. இறந்த கிருமியின் எச்சத்தையும் உயிருள்ள கிருமியையும் அது வேறுபடுத்துவதில்லை. எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அறிய வளர்ப்புத் தட்டு இன்றும் தேவை. செலவும் கூடுதல். ஆதலால் பழைய முறைக்கு இது துணையேயன்றி மாற்றாகாது.

எல்லாவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. மரபணு இருக்கிறது என்பது நோய் இருக்கிறது என்பதாகாது. மூதாட்டியின் குடலில் கிருமி அமைதியாகத் தங்கியிருக்கலாம். அவருக்கு எத்தீங்கும் செய்யாமல் காலப்போக்கில் மறைந்தும் போகலாம். 2017ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வு 2,001 பயணிகளைப் பின்தொடர்ந்தது. அது ஆய்ந்தது கார்பபெனெம் எதிர்ப்பை அன்று, வேறொரு மருந்தெதிர்ப்பை. தெற்காசியா சென்றோருள் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் அத்தகைய குடற்கிருமியைப் பெற்றுத் திரும்பினர். ஆயினும் பயணத்தில் கிருமியைப் பெற்றோருள் ஓராண்டுக்குப் பின்னரும் அதனைச் சுமந்தோர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே. கிருமியின் தங்கல் வாழ்நாள் முத்திரையன்று.

சொல்லில் தொடங்கும் மருத்துவம்

இங்குத்தான் மருத்துவம் மொழியின் வாயிலுக்கு வருகிறது. சோதனை முடிவைத் தமிழில் மூதாட்டிக்கு எடுத்துரைப்பது எவ்வாறு? ‘உங்களுக்குத் தொற்று’ என்றால் அது உண்மையன்று. ‘நோய்கடத்தி’ என்றால் கள்ளக்கடத்தல் நினைவிற்கு வருகிறது. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘நோய்க்காவி’ என்னும் சொல் சுமத்தலைக் குறிப்பதால் சற்று மென்மையானது. ஆயினும் அதிலும் நோய் நிற்கிறது. கிருமி உடலில் நிலைகொள்வதைக் ‘குடியேற்றம்’ என மொழிபெயர்ப்போரும் உளர். குடியேறியவர்களின் மரபில் வந்த நமக்கு அச்சொல் உவப்பாயிராது. ‘கிருமி தங்கியுள்ளது, நோய் இல்லை’ என்னும் எளிய தொடரே உண்மைக்கும் அன்புக்கும் பொருந்துவதாக நாம் கருதுகிறோம். தங்கியது ஒருநாள் நீங்கும் என்னும் நம்பிக்கையையும் அச்சொல் தன்னுள் கொண்டிருக்கிறது.

சொல் தவறினால் நேர்வன சிறியவை அல்ல. தனியறைக்கு மாற்றப்பட்டதன் காரணம் விளங்காத முதியவர், தம்மைத் தள்ளிவைத்துவிட்டனர் என எண்ணுவார். மகன் பேரப்பிள்ளைகளை அழைத்துவர அஞ்சுவார். அடுத்த முறை நோயுறும்போது அயல்நாட்டில் மருத்துவம் பெற்றதை அவர் மறைக்கவும் கூடும். அம்மறைப்பு, எந்த விரைவுச் சோதனையும் ஈடுசெய்ய இயலாத இழப்பு.

உலகெங்கும் 2019ஆம் ஆண்டில் மருந்தெதிர்ப்புக் கிருமிகளே நேரடிக் காரணமாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக 2022ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு கூறுகிறது. சிங்கப்பூர் 2017 நவம்பரில் மருந்தெதிர்ப்புக்கு எதிரான தேசியச் செயல்திட்டத்தை அறிவித்தது. அத்திட்டங்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் வெற்றிபெறா. கழிவறையிலிருந்து வெளிவந்து சோப்பிட்டுக் கழுவும் கையிலும், மீதமான மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காத பழக்கத்திலும், கிருமிச் சோதனை முடிவைத் தாய்மொழியில் தெளிவாகக் கூறும் நாவிலும் அவை வெற்றிபெறும்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செயின்ட் ஜான்ஸ் தீவில் நம் முன்னோரிடம் எந்த ஊர் என்று கேட்டனர். இன்று ஒரு சிறு பேழை எந்த மரபணு என்று கேட்டு, ஒரு மணி நேரத்தில் விடையும் தருகிறது. அவ்விடையைப் பெற்றவர் அருகில் அமர்ந்து, அதன் பொருளை அவர் மொழியில் அச்சமின்றி விளங்கவைப்பது எந்தக் கருவியாலும் இயலாது. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் ஏற்க வேண்டிய பணி அதுவே.